இசிப்பிங்கோ பீட்டிலா, லெனேசியா பென்ஸா?

சித்திரைக் காவடி முடிந்த மறு வாரம் என் மாமா மகன் டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து வந்தான். வந்ததும் போனை நீட்டினான். அதில் இரண்டு கார்களின் படம். இரண்டும் காசில்லாமல் கிடைக்கிற வண்டிகள். ஒன்று, டர்பனுக்குத் தெற்கே கடலோர இசிப்பிங்கோவில் அவன் பெரியம்மா வீட்டுக் கூரைக்கடியில் 9 வருடமாக நிற்கும் 1973 போக்ஸ்வாகன் பீட்டில். இன்னொன்று, அவன் மாமனார் விட்டுப்போன 1982 மெர்சிடிஸ் 230ஈ. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில், பூட்டிய கராஜுக்குள், 14 வருடமாக நிற்கிறது.

"அத்தான், ரெண்டையும் எடுத்தா அவ என்னை வெளியே படுக்க வெச்சிருவா. ஒண்ணைச் சொல்லுங்க" என்றான்.

கேள்வி என்று வந்தானே தவிர, பதில் அவன் மனதில் ஏற்கெனவே இருந்தது. பீட்டில்தான். சின்ன வண்டி, எளிய இஞ்சின், மலிவான பாகங்கள். வீட்டில் வைத்துச் செய்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்த காலத்தில் நானும் அப்படி நம்பித்தான் ஒரு பீட்டிலை வீட்டுக்கு இழுத்து வந்தேன். அதனால்தான் அவனிடம் உடனே சரி என்று சொல்லவில்லை. முதலில் வண்டியைப் பார்ப்போம் என்றேன்.

இரண்டுமே ஜெர்மன் வண்டிகள் என்கிறோம். ஆனால் இங்கே ஓடும் இந்த இரண்டு ஜாதியும் உருவானது நம் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில். பீட்டிலை யூட்டன்ஹேக்கில் 1951 ஆகஸ்டில் செய்யத் தொடங்கி 1979 வரை செய்தார்கள். அந்த ஊருக்கு இப்போது காரியேகா என்று பெயர். 230ஈ சேர்ந்த 123 வரிசை மெர்சிடிஸைப் பூட்டியது ஈஸ்ட் லண்டன் ஆலை. 1990இல் மண்டேலா விடுதலையானபோது தொழிலாளர்கள் சிவப்பு நிற 500எஸ்ஈ ஒன்றைச் செய்து அவர் கையில் கொடுத்தார்களே, அதே ஆலை. உள்ளூரில் செய்த வண்டி என்பதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. இரண்டுக்கும் ஸ்க்ராப்யார்டில் பாகம் கிடைக்கும். இரண்டையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஆக, அந்த வகையில் இரண்டும் சமம்.

ஞாயிற்றுக்கிழமை இசிப்பிங்கோவுக்குப் போனோம். தூரத்திலிருந்து பார்த்தால் பீட்டில் அழகாகத்தான் இருந்தது. பெயிண்ட் வெளுத்திருந்தாலும் கதவு நன்றாகச் சாத்தியது, கண்ணாடி எல்லாம் முழுசு. பெரியம்மா டீ போட்டுக் கொடுத்தார். நான் பின் சீட்டைத் தூக்கினேன். பீட்டிலில் பேட்டரி அதற்கடியில்தான் இருக்கும். பேட்டரி நின்ற இடத்தில் ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. அமிலம் தின்ற தகடு. இது சாதாரணம், பயப்பட வேண்டாம் என்றேன். தரைத்தகடு பாதி பாதியாகக் கடையில் விற்கிறது.

அப்புறம் கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனலை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது. இடப் பக்கமும் அப்படியே. டர்பனில் காருக்கு ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பெயர்தான் ஹீட்டர் சேனல். இஞ்சினின் சூட்டை முன்னால் கொண்டுபோகும் குழாய் என்பது அதன் பாதி வேலை. மீதிப் பாதி, கதவுத் திறப்பின் கீழே நின்று உடல் வளையாமல் தாங்குவது. அது போனால் வண்டிக்கு இடுப்பு போனது மாதிரி.

என் பீட்டிலில் நான் செய்த முட்டாள்தனத்தை அங்கேயே அவனுக்குச் சொன்னேன். துருப்பிடித்த சேனலை கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டுப் புதியதை வைத்து வெல்டு வைத்தேன். அறுப்பதற்கு முன்னால் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் கட்டி உடலை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். நான் கட்டவில்லை. வேலை முடிந்து கதவைச் சாத்தினால் மேலே விரல் நுழையும் இடைவெளி, கீழே உரசல். எல்லாவற்றையும் மறுபடி அறுத்தேன். இன்னொரு விஷயம், ஆலையில் நான் வெல்டு வைத்ததெல்லாம் கனமான தகடு. காரின் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முதல் மாதம் நான் அடைத்த ஓட்டைகளைவிட உருக்கிப் போட்ட ஓட்டைகள்தான் அதிகம்.

இசிப்பிங்கோ வண்டிக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்தப் பக்கம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே மூழ்கியது. முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது என்றார் பெரியம்மா. பீட்டிலின் நடுவே ஒரு டனல் ஓடுகிறது. வண்டியின் முதுகெலும்பு அது. கியர் கம்பி, கிளட்ச் கேபிள், பெட்ரோல் குழாய் எல்லாம் அதற்குள்ளேதான். கியர் லீவரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தோம். உள்ளே காய்ந்த சேறு. அந்த டனலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாமா என்றால், சேசிஸ் நம்பர் அதன் மேல்தான் அடித்திருக்கிறது. நம்பர் போனால் வண்டியே காகிதத்தில் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு இஞ்சினையும் பார்த்தோம். நேர்மையாகச் சொல்ல வேண்டும், இஞ்சின் விஷயத்தில் பீட்டிலோடு போட்டி போட ஒன்றும் கிடையாது. தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. வயர், கேபிள், பெட்ரோல் குழாயை விடுவித்து நாலு போல்ட்டைக் கழற்றினால் ஒரு ஜாக் வைத்து அரை நாளில் கீழே இறக்கிவிடலாம். பின்புறப் புல்லியை இரு கையால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தது. கிராங்க் ஷாப்டில் அந்த முன்பின் ஆட்டம் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் இஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். கைக்கே தெரிகிறது என்றால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இருந்தாலும் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இஞ்சினைத் தூக்கி பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், போட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோகலாம்.

என் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. வண்டியை நான் இஞ்சின், உடல், பிரேக் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கழற்றிப் பெட்டியில் போட்டு வேறொருவரிடம் அனுப்பக்கூடிய கோளாறு ஒரு பக்கம், வண்டியிலிருந்து கழற்றவே முடியாத கோளாறு மறு பக்கம். முதல் வகை எவ்வளவு பயமுறுத்தினாலும் காசும் பொறுமையும் இருந்தால் தீரும். இரண்டாவது வகை உன் கராஜிலேயே, உன் கையாலேயே தீர வேண்டும். என் மாமா மகனுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது.

இப்போது லெனேசியா வண்டி. அதை நான் நேரில் பார்க்கவில்லை. அவன் மச்சினனிடம் சொல்லி எங்கெங்கே படம் எடுக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டேன். 123 வரிசையில் துரு பிடிக்கும் இடங்கள் மனப்பாடம் செய்யும் அளவுக்குத் தெரிந்தவை. ஜாக் குழாய் நுழைக்கும் நாலு ஓட்டைகளின் சுற்று, முன் மட்கார்டின் கீழ் மூலை, பேட்டரித் தட்டின் அடி, பின் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலைகள், டிக்கிக்குள் ஸ்பேர் சக்கரக் குழி. பின் கண்ணாடி மூலை துருப்பிடித்தால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கும். அதனால் டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் படம் எடு என்றேன். இன்னொன்று, கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே தண்ணீர் வடியும் வழி. இலை தழை அடைத்துக்கொண்டால் மழைநீர் காலடிக்குள் வந்து தேங்கும். கம்பளம் மேலே காய்ந்திருக்கும், அடியில் அழுகிக்கொண்டிருக்கும்.

படங்கள் வந்தன. முன் மட்கார்டில் மூலை போயிருந்தது. அது போல்ட்டில் நிற்கிற பாகம், கழற்றி வேறு மாட்டலாம். டிக்கிக் குழியில் மேலோட்டமான துரு. ஜாக் ஓட்டைகள் நான்கும் சுத்தம். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டர்பனில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து வண்டிக்கு அலைவது இதற்காகத்தான். அங்கே உப்புக்காற்று இல்லை, குளிர்காலம் காய்ந்து கிடக்கும். வெயிலில் நின்ற வண்டிக்கு டாஷ்போர்டு வெடிக்கும், ரப்பர் எல்லாம் சுண்டிப்போகும். தகடு மட்டும் பிழைத்துவிடும். இந்த வண்டி கராஜுக்குள் நின்றும் டாஷ்போர்டில் மூன்று வெடிப்பு. அது ஓடிய காலத்து வெயில்.

ஆனால் இந்தப் பென்ஸில் அவனைப் பயமுறுத்திய ஒன்று இருந்தது. பானட்டைத் திறந்த படத்தில் கார்புரேட்டரைக் காணோம்! 230ஈ என்பதில் அந்த ஈ, இன்ஜெக்ஷன். பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரோனிக். பெயரைக் கேட்டால் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும். உண்மையில் எரிபொருளை அளப்பது முழுக்க இயந்திர வேலை. இஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்குகிறது; தட்டு ஒரு சின்ன பிளஞ்சரைத் தூக்குகிறது; பிளஞ்சர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் பிரிந்து போகிறது. ஓடிக்கொண்டே இருந்தால் சொன்ன பேச்சு கேட்கும். நிறுத்தி வைத்தால்தான் தொல்லை. 14 வருடம் நின்ற பெட்ரோல் வார்னிஷ் மாதிரி பிசின் கட்டி, அந்தப் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும். அதைக் குறடு வைத்து இழுத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. கீறல் விழுந்தால் அந்தப் பாகமே கதை முடிந்தது.

சரி, என்ன செய்வது? குழாய்களைக் கழற்றி, பிளஞ்சர் இருக்கும் அந்தப் பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டரையும், குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டரையும் பெட்டியில் போட்டு, சோதனை மேசை வைத்திருக்கும் ஆளிடம் அனுப்ப வேண்டியதுதான். இரண்டும் சேர்ந்து ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்கும். பின் அச்சுக்கு அருகே அடியில் இருக்கும் பம்ப், அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அக்யூமுலேட்டர், பில்டர் மூன்றையும் மாற்ற வேண்டும்; டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். இதில் 5 பார் அளவு அழுத்தத்தில் பெட்ரோல் ஓடுகிறது. ஆகவே ரப்பர் குழாயில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கடையில் கிடைத்த சாதாரணக் குழாயைக் கிளிப் போட்டு இறுக்கினால், தீப்பிடிக்கும்போது கராஜும் சேர்ந்து போகும்.

மற்றபடி பென்ஸின் பட்டியல் நீளம்தான், ஒளிக்கவில்லை. நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் நாலு காலிப்பரும் இறுகியிருக்கும். பிரேக் ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். புரொபெல்லர் ஷாப்டின் ரப்பர் வட்டுகள், இஞ்சின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ்கள் எல்லாம் புதிதாக வேண்டும். கதவுப் பூட்டு நாலும் சேர்ந்து பூட்டுவது வேக்குவத்தால். எங்கோ ஒரு ரப்பர் கிழிந்து அதுவும் வேலை செய்யாது. இந்த எம்102 இஞ்சினின் ஆரம்ப வருடங்களில் டைமிங் செயின் ஒற்றை வரிசை, பின்னாளில்தான் இரட்டையாக்கினார்கள். 1982 வண்டி என்றால் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்காமல் ஓட்டக் கூடாது. பாகங்களின் பில்லை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பீட்டில்தான் ஜெயிக்கும், அதுவும் நல்ல வித்தியாசத்தில். பென்ஸ் பாகம் கையைக் கடிக்கும். ஆனால் மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எல்லாமே ஸ்பானரில் கழன்று ஸ்பானரில் ஏறுகிறவை. பீட்டிலின் பட்டியல் குட்டைதான், ஆனால் அதில் பாதி கிரைண்டரும் வெல்டிங்கும்.

இடம் பற்றியும் பேசினோம். பென்ஸ் 4.7 மீட்டர் நீளம், பீட்டில் 4.1 மீட்டர்கூட வராது. பீனிக்ஸில் அவன் கராஜ் 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பீட்டில்தான் அடங்கும் என்றான். யோசித்துப் பார் என்றேன். இந்தப் பீட்டிலுக்கு உடலையும் தரையையும் போல்ட் கழற்றித் தனித்தனியே பிரித்தே ஆக வேண்டும். அப்போது உடல் ஓர் இடம், தரை ஓர் இடம். இரண்டு வண்டிக்கான இடம் வேண்டும், அதுவும் பல மாதத்துக்கு. பென்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. அதன் பானட்டை நேர் செங்குத்தாக நிமிர்த்தி வைக்கலாம். முன்னால் இரண்டடி இருந்தால்கூட உள்ளே குனிந்து வேலை பார்க்கலாம். ஜெர்மன்காரன் பீனிக்ஸ் கராஜைப் பார்த்துவிட்டா வரைந்தான் என்று அவன் கேட்டான்.

ஆகவே எந்த வண்டி என்று தேர்ந்தெடுக்கும்போதே எந்த முறை என்பதும் முடிவாகிவிடுகிறது. இசிப்பிங்கோ பீட்டிலை எடுத்தால் கடைசி ஆணி வரை கழற்றி, தகட்டிலிருந்து மேலே கட்டி வர வேண்டும். நடுவில் ஓட்டிப் பார்க்கிற சந்தோஷம் கிடையாது. என்னுடையது 3 வருடம் துண்டு துண்டாகக் கிடந்தது. அதில் ஒரு வருடம் நான் கராஜ் பக்கமே போகவில்லை. லெனேசியா பென்ஸை முதலில் ஸ்டார்ட் செய்யலாம், அப்புறம் நிற்க வைக்கலாம், அதாவது பிரேக்கைச் சொல்கிறேன், அப்புறம் ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரி பண்ணலாம். குடும்பமும் வேலையும் உள்ளவனுக்கு இதுதான் தாங்கும். முழுக்கப் பிரிப்பதுதான் உண்மையான ரெஸ்டரேஷன் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை; அவர்கள் வீட்டில் பெரிய ஷெட் இருக்கிறது.

இரண்டையும் விற்றுவிட்டு, யாரோ செய்து முடித்த வண்டியை வாங்கலாமா? கணக்கில் அது தப்பே இல்லை. ஆனால் அவன் கேட்டது அதுவல்ல, மாமனார் வண்டி வேறு. மொத்தமாக ஒரு கடையில் விட்டுச் செய்யச் சொல்வதும் ஒரு வழி. நான் ஒரு முறை விட்டேன். 3 மாதம் என்றார்கள், 2 வருடம் கழித்து வேறு பக்கியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தேன், கண்ணாடி ஒன்று குறைவாக.

பெயிண்டை மட்டும் வெளியே கொடு என்பது என் பிடிவாதம். இப்போதைய இரண்டு கலவைப் பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. தனிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் அடித்தால் மூச்சுக் குழாய்க்கு ஆபத்து. பக்கத்து வீட்டு ஆயா துணி காயப்போடும் இடத்தில் அதை அடிக்கக் கூடாது. ஈரக்காற்றில் பெயிண்ட் மங்கும் என்பதும் டர்பன்காரர்களுக்குத் தெரியும். தகட்டைச் சுரண்டி வெறுமனே விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். தகட்டு வேலையானாலும் பெயிண்டானாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மின்வெட்டுக் காலத்தில் கம்ப்ரஸர் பாதியில் நின்று, அரைக் கதவு பளபளப்பாகவும் அரைக் கதவு சொரசொரப்பாகவும் ஆன அனுபவமும் எனக்கு உண்டு.

காகித வேலையை முன்னாலேயே தொடங்கச் சொன்னேன். லைசென்ஸ் டிஸ்க், அதாவது கண்ணாடியில் ஒட்டும் வருட லைசென்ஸ், கட்டாத வருடங்களுக்குப் பாக்கியும் அபராதமும் சேர்ந்திருக்கும். அது எவ்வளவு என்று கேட்டுக்கொண்ட பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். மாமனார் பெயரில் இருப்பதால் அவருடைய சொத்து விவகாரம் பார்ப்பவரின் கையெழுத்தும் வேண்டும். பெயர் மாற்ற, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றிதழ் தேவை, அதில் துருப்பிடித்த தாங்கு தகட்டைப் பார்த்தால் விடமாட்டார்கள். அந்த இசிப்பிங்கோ சேனல்கள் அங்கேயும் வந்து நிற்கும்.

பென்ஸை எடுப்பதாக இருந்தால் கயிறு கட்டி இழுக்காதே என்பதையும் சொல்லி வைத்தேன். ஆட்டோமேட்டிக் கியர், பின் சக்கரம் தரையில் உருள அத்தனை தூரம் இழுத்தால் வழியில் வரும் வான் ரீனன் கணவாய் இறங்குவதற்குள் கியர்பாக்ஸ் போய்விடும். தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். ஏற்றும் முன் டயரில் தேதி பார். நாலு இலக்கம் இருந்தால் கடைசி இரண்டு இலக்கம்தான் செய்த வருடம். மூன்று இலக்கம் இருந்தால் போன நூற்றாண்டு டயர், லாரியில் ஏற்ற மட்டும் காற்று அடி. சாவி போட்டுத் திருப்பிப் பார்க்கலாமா என்று யாராவது ஆசைப்பட்டால் கையைப் பிடித்துக்கொள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் கழித்து, கையால் கிராங்கைச் சுற்ற வேண்டும். அதுவரை பேட்டரியே வண்டிக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

எல்லாம் கேட்டுக்கொண்டான். ஒன்றும் சொல்லாமல் போனான். பெரியம்மாவின் பீட்டில் மேல் அவனுக்குச் சின்ன வயது ஆசை. அதில்தான் பள்ளிக்கூடம் போனானாம். நான் அதற்கு ஒன்றும் சொல்ல முடியாது.

போன சனிக்கிழமை லெனேசியாவிலிருந்து அவன் போன் வந்தது. காலடிக் கம்பளத்தைத் தூக்கிவிட்டான். அடியில் காய்ந்த தகடு, தொழிற்சாலைப் பெயிண்டோடு.

"ஆனா அத்தான், எலி கூடு கட்டியிருக்கு."

"எங்கே?"

"ஏர் பில்டர் டப்பாக்குள்ளே."

"டப்பா கழலுதா?"

"கழலுது."

"அப்போ லாரிக்குச் சொல்லு."